காலி வீதி மருந்துக்கடைகளில் மீன் எண்ணெய்க் கப்ஸ்யூல்: ட்ரைகிளிசரைட் குறைய எதை வாங்கலாம், எதை விடலாம்

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை காலி வீதியோரம் எந்த மருந்துக்கடைக்குள் நுழைந்தாலும் மீன் எண்ணெய்க் கப்ஸ்யூல் போத்தல்கள் கண்ணில் படும் இடத்தில்தான் அடுக்கியிருக்கும். நீரிழிவுக்காகச் சோறு, பாண், இடியப்பத்தைக் குறைத்து, சீனியை ஓரளவு கட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் பலர், இரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு 250, 350 (மில்லிகிராம்/டெசிலீற்றர்) என்று வந்ததும் நேரே போய் வாங்குவது இந்தப் போத்தலைத்தான். வாங்குவதில் தவறில்லை. ஆனால் எதை வாங்குகிறோம், எத்தனை எடுக்கிறோம், அதற்கு முன் எதைச் சரிபார்த்தோம் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாதாரண 1000 மில்லிகிராம் கப்ஸ்யூலை நாளுக்கு ஒன்று என்று எடுத்தால் ட்ரைகிளிசரைட்டில் கணக்கில் எடுக்கத்தக்க மாற்றம் வராது. செறிவு கூடிய வகை, வைத்தியர் சொல்லும் அளவில், சிலருக்கு நன்றாக உதவும். கொட் மீன் ஈரல் எண்ணெய் இந்த வேலைக்கு உரியதல்ல. ஆளிவிதை எண்ணெயும் அப்படித்தான். அதோடு, மாச்சத்தை உண்மையாகவே குறைத்துச் சாப்பிடும் ஒருவருக்கு ட்ரைகிளிசரைட் இறங்குவதுதான் வழமை. இறங்காமல் ஏறி நிற்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கப்ஸ்யூலால் மூடி மறைக்கக் கூடாது.

பின்பக்கத்துச் சிறிய எழுத்து

போத்தலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "மீன் எண்ணெய் 1000 மி.கி." என்றிருக்கும். அது எண்ணெயின் மொத்த நிறை. ட்ரைகிளிசரைட்டைக் குறைக்கும் வேலையைச் செய்வது அந்த எண்ணெய்க்குள் இருக்கும் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு கொழுப்பமிலங்கள் மட்டுமே. சாதாரணக் கப்ஸ்யூலில் ஈ.பி.ஏ. 180 மில்லிகிராம், டி.எச்.ஏ. 120 மில்லிகிராம், ஆக 300தான் இருக்கும். மீதி 700 மற்றக் கொழுப்பு.

இனிக் கணக்கைப் பாருங்கள். ட்ரைகிளிசரைட் சிகிச்சைக்கென்று ஆராயப்பட்ட அளவு நாளுக்கு 2 முதல் 4 கிராம் வரையான ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. 300 மில்லிகிராம் கப்ஸ்யூலில் 2 கிராமை எட்ட ஏழு வேண்டும். 4 கிராமுக்குப் பதின்மூன்று, பதினான்கு வேண்டும். பதின்மூன்று கப்ஸ்யூல் என்றால் 13 கிராம் எண்ணெய், ஏறத்தாழ 120 கலோரி. இத்தனையை நாள்தோறும் விழுங்கி, மீன் ஏப்பத்தையும் வயிற்றுக் குழப்பத்தையும் தாங்குகிறவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் பெரும்பாலானோர் ஒன்று, இரண்டோடு நிறுத்திக்கொண்டு, "எடுத்தும் குறையவில்லையே" என்கிறார்கள்.

பொதுவாக ஒரு கிராம் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ.க்கு ட்ரைகிளிசரைட் 5 முதல் 10 வீதம் வரை இறங்கும். அப்படியானால் 0.3 கிராமுக்கு 2, 3 வீதம். இதே ட்ரைகிளிசரைட் ஒரே ஆளுக்கு, ஒரே உணவில், ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் 20 வீதமளவு தானாகவே ஏறி இறங்கக்கூடியது. 240 இருந்தது 215 ஆனால் அது கப்ஸ்யூலின் வேலை என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு பொறி பரிமாறல் அளவு. பின்பக்க அட்டவணையில் "ஈ.பி.ஏ. 360, டி.எச்.ஏ. 240" என்று கண்டு இது இரட்டிப்புச் செறிவு என நினைத்து வாங்குவார்கள். அட்டவணையின் தலைப்பில் "ஒரு பரிமாறல்: 2 கப்ஸ்யூல்" என்றிருக்கும். பிரித்துப் பார்த்தால் அதே 300தான். சில போத்தல்களில் "மொத்த ஒமேகா-3" என்று ஒரே எண்ணை மட்டும் போட்டு, ஈ.பி.ஏ., டி.எச்.ஏ.யைத் தனித்தனியே காட்டமாட்டார்கள். அப்படியானதை அலுமாரியிலேயே வைத்துவிடுங்கள். "ஒமேகா 3-6-9" என்ற கலவையையும் வாங்க வேண்டியதில்லை. 6உம் 9உம் நம் சமையலில் ஏற்கெனவே தாராளமாக இருக்கின்றன. அவை ட்ரைகிளிசரைட்டுக்காக விலை கொடுத்து வாங்கவேண்டியவை அல்ல.

விலையை ஒப்பிடும் முறையும் இதிலிருந்து வருகிறது. போத்தலின் விலையைப் போத்தலுக்கு ஒப்பிடாதீர்கள். ஒரு கிராம் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ.க்கு எத்தனை ரூபாய் என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, 60 சாதாரணக் கப்ஸ்யூல் 3,000 ரூபாய் என்று வைப்போம். உள்ளே மொத்தம் 18 கிராம். கிராமுக்கு 167 ரூபாய் அளவில் வரும். ஒவ்வொன்றிலும் 750 மில்லிகிராம் உள்ள 60 செறிவுக் கப்ஸ்யூல் 6,000 ரூபாய் என்றால் மொத்தம் 45 கிராம். கிராமுக்கு 133 ரூபாய். கையில் எடுக்கும்போது இரட்டிப்பு விலையாகத் தெரிவதுதான் உண்மையில் மலிவு. மருந்துக்கடைப் படிக்கட்டில் நின்று கைபேசியில் இந்தப் பிரித்தலைச் செய்ய அரை நிமிடம் போதும்.

வைத்தியர் எழுதித் தரும் மருந்து வகையும் உண்டு. அதில் ஒரு கிராம் கப்ஸ்யூலில் ஈ.பி.ஏ. 465, டி.எச்.ஏ. 375 ஆக 840 மில்லிகிராம் இருக்கும். நாளுக்கு நான்கு எடுத்தால் 3.36 கிராம். ஈ.பி.ஏ. மட்டுமே உள்ள இன்னொரு மருந்தும் இருக்கிறது. 2019இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிவுரையின்படி, இப்படியான மருந்துகள் நாளுக்கு 4 கிராம் அளவில் 200 முதல் 499 வரை உள்ளவர்களுக்கு 20 முதல் 30 வீதமும், 500க்கு மேல் உள்ளவர்களுக்கு 30 வீதமும் அதற்கு மேலும் குறைக்கின்றன. அதே அறிவுரை, கடையில் தாமாக வாங்கும் கப்ஸ்யூலை இதற்குப் பதிலாக வைக்க வேண்டாம் என்றும் சொல்கிறது.

மாரடைப்பைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. நீரிழிவு உள்ள 15,480 பேரை வைத்து நடந்த அஸெண்ட் ஆய்வு 2018இல் வெளியானது. நாளுக்கு 1 கிராம் கப்ஸ்யூலால் இதய நோயில் குறிப்பிடத்தக்க பயன் கிடைக்கவில்லை. ரெடியூஸ்-ஐ.ரி. ஆய்வில் ஈ.பி.ஏ. மட்டும் உள்ள மருந்து நாளுக்கு 4 கிராம் கொடுத்தபோது இதய நிகழ்வுகள் 25 வீதம் குறைந்தன. ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்த கனிய எண்ணெய் பற்றி அதில் விவாதம் இன்றுவரை இருக்கிறது. ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் கலந்த மருந்தை 4 கிராம் கொடுத்த ஸ்ட்ரெங்த் ஆய்வு பயன் தெரியாததால் 2020இல் நிறுத்தப்பட்டது. ஆகவே "இதயத்துக்கு நல்லது" என்ற ஒரு வரியை நம்பி மாதாமாதம் காசு கொடுப்பதற்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். ட்ரைகிளிசரைட் என்ற ஒரு குறிக்கோளுக்காக, சரியான அளவில் என்றால் சரி.

வெட்டி மணந்து பாருங்கள்

மீன் எண்ணெய் எளிதில் காறிப்போகும். வெப்பம், வெளிச்சம், காற்று மூன்றும் அதைக் கெடுக்கும். கொழும்பின் வெக்கையில் வெயில் படும் கண்ணாடிக்குப் பின்னால் மாதக்கணக்கில் நின்ற போத்தலை நம்ப முடியாது. புதுப் போத்தலைத் திறந்ததும் ஒரு கப்ஸ்யூலைத் தையல் ஊசியால் குத்தி, எண்ணெயை ஒரு வெள்ளைக் கோப்பைத்தட்டில் பிழியுங்கள். நல்ல எண்ணெய் வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருக்கும். சாடையான மீன் வாசம் வரும். பழைய பூச்சு எண்ணெயின் நெடியோ, மூக்கைக் குத்தும் புளித்த வாசமோ வந்தால், நாக்கில் ஒரு துளி வைத்ததும் தொண்டை கரகரத்தால், காறிவிட்டது என்று அர்த்தம். எலுமிச்சை, தோடம்பழ வாசம் சேர்த்த வகைகளில் இந்தச் சோதனை பலிக்காது, வாசம் மூடிவிடும். அதனால் வாசம் சேர்க்காததைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கப்ஸ்யூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தால் எங்கோ சூட்டில் கிடந்திருக்கின்றன, திருப்பிக் கொடுங்கள்.

காலாவதித் திகதிக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருப்பதாகவும், இறக்குமதியாளரின் பெயரும் உச்ச சில்லறை விலையும் ஒட்டிய போத்தலாகவும் பார்த்து எடுங்கள். பயணத்தில் வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததைக் கடைக்காரர் விற்றால் அதில் இவை இருக்காது. திறந்த பிறகு குளிர்சாதனப் பெட்டியில், கதவுத் தட்டில் அல்லாமல் உள்ளே வையுங்கள். பெரிய போத்தல் மலிவு என்று 200 வாங்கி ஆறு மாதம் வைத்திருப்பதை விட, ஒன்றிரண்டு மாதத்தில் முடியும் அளவே மேல்.

எப்போது எடுப்பது என்பதிலும் பலர் பலனை இழக்கிறார்கள். செறிவு கூடிய பல வகைகள் எதைல் எஸ்டர் என்ற வடிவில் இருக்கும். அது கொழுப்புள்ள உணவோடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு மற்றக் குளிசைகளுடன் சேர்த்து விழுங்கினால் கணிசமான பகுதி வீண். மத்தியானக் கறியோடோ இரவு முட்டை, மீனோடோ எடுங்கள். நாளின் அளவை இரண்டாகப் பிரித்தால் ஏப்பமும் குறையும். சாப்பாட்டின் தொடக்கத்தில் எடுப்பதும், கப்ஸ்யூலைக் குளிரூட்டி எடுப்பதும் சிலருக்கு உதவுகின்றன.

கொட் ஈரல் எண்ணெயைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பழக்கமானது அதுதான். பிள்ளைகளுக்குக் கொடுத்த நம்பிக்கையில் பெரியவர்களும் எடுக்கிறார்கள். அது முதன்மையாக விற்றமின் ஏ, டி தரும் எண்ணெய். ட்ரைகிளிசரைட் குறையும் அளவுக்கு ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. வரும்வரை அதைக் கூட்டினால் விற்றமின் ஏ எல்லை மீறும். வயது வந்தவருக்கு நாளுக்கு 3,000 மைக்ரோகிராம் என்பது மேல் எல்லை; நீண்டகாலம் அதைத் தாண்டினால் ஈரலுக்குக் கேடு. கர்ப்பிணிகள் அந்த அளவுக்குக் கிட்டவும் போகக் கூடாது.

சைவ உணவுக்காரர் ஆளிவிதைக் கப்ஸ்யூலைத் தேடுவார்கள். ஆளிவிதையில் இருப்பது ஏ.எல்.ஏ. என்ற வேறு ஒமேகா-3. உடலுக்குள் அதில் சில வீதம் மட்டுமே ஈ.பி.ஏ. ஆக மாறும், டி.எச்.ஏ. ஆக மாறுவது அதையும் விடக் குறைவு. ட்ரைகிளிசரைட்டுக்கு அதில் பலன் எதிர்பார்க்க வேண்டாம். மரக்கறிக்காரருக்குச் சரியான மாற்று பாசி எண்ணெய். மீனுக்கும் ஒமேகா-3 பாசியிலிருந்துதான் வருகிறது. இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்காது, விலையும் கூட. வாங்கினால் அதே கணக்கு: ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. எத்தனை மில்லிகிராம் என்று. இன்னொன்று, கப்ஸ்யூலின் ஓடு பெரும்பாலும் ஜெலற்றின். அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ மீனிலிருந்தோ வந்திருக்கலாம். எது என்பது அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் சில வேளைகளில் மட்டும் எழுதியிருக்கும். அது முக்கியம் என்று கருதுகிறவர்கள் கேட்காமல் வாங்கவேண்டாம்.

ரின் மீனும் சாளையும்

போத்தலுக்குப் போட்டியாக நிற்கும் பொருள் மளிகைக்கடைத் தட்டிலேயே இருக்கிறது. ரின்னில் அடைத்த மக்கரல் வகை மீனை வடித்து எடுத்தால் 100 கிராமில் ஏறத்தாழ 1.2 கிராம் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இருக்கும், சாடின் என்றால் 1 கிராம் அளவு. அதாவது நான்கு சாதாரணக் கப்ஸ்யூலின் அளவு ஒரு நேரக் கறியில் வருகிறது, அதோடு 20 கிராமுக்கு மேல் புரதமும், மென்மையான முள்ளில் கல்சியமும். மாச்சத்து இல்லை. ரின் வாங்கும்போது "மொத்த நிறை" அல்ல, "வடித்த நிறை" பாருங்கள், எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கட்டும், உப்பியதும் விளிம்பு நசிந்ததும் வேண்டாம். இயற்கைச் சாற்றில் அடைத்ததே மேல். தக்காளிச் சாற்றில் அடைத்ததில் கொஞ்சம் சீனியும் மாவும் சேரலாம். உப்பு கூடுதல் என்பதால் சாற்றை ஊற்றிவிட்டு, பிரஷர் உள்ளவர்கள் ஒருமுறை தண்ணீரில் அலசி எடுக்கலாம். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மீனைப் பெரிய துண்டாகவே போட்டு இரண்டு மூன்று நிமிடம் பிரட்டி, அடுப்பை நிறுத்திய பின் தேசிக்காய் விட்டால் போதும். மேலும் எண்ணெய் தேவைப்படாது. இதோடு முட்டைக்கோவா வறை, வல்லாரைச் சம்பல் வைத்தால் சோறு இல்லாத ஒரு நிறைவான தட்டு.

புதிய மீனில் சாளை, சூடை, கீரி, கும்பளா போன்ற எண்ணெய் மீன்கள்தான் இந்த வேலைக்கு. வெள்ளவத்தைச் சந்தையில் இவை அறக்குளாவை விடப் பெரும்பாலும் மலிவு. எங்கள் கடல் மீனில் எண்ணெயளவு பருவத்துக்குப் பருவம் மாறும், ஆனாலும் சூரையை விடக் கூடுதல்தான். சூரை நல்ல புரதம், ஒமேகா-3 குறைவு. சாளையைக் கண் தெளிந்து, செவுள் சிவந்து, வயிறு கிழியாமல் இருப்பதாகப் பார்த்து வாங்கி அன்றே சமையுங்கள். ஆழப் பொரிப்பதை விட, புளி போட்டு அவிப்பதோ வாழையிலையில் சுற்றிச் சுடுவதோ நல்லது. பொரிக்கும்போது மீனின் எண்ணெயில் ஒரு பகுதி சட்டிக்குப் போகிறது, சட்டி எண்ணெய் மீனுக்குள் வருகிறது. கருவாட்டை இதில் சேர்க்காதீர்கள். உப்பு அளவுக்கு மீறியது. யூரிக் அமிலம் கூடியவர்களும் கவனமாக இருக்கவேண்டும்: சாளை, நெத்தலி அதைக் கூட்டும், ட்ரைகிளிசரைட் கூடியவர்களில் பலருக்கு யூரிக் அமிலமும் கூடியிருக்கும்.

வாரத்தில் மூன்று, நான்கு நேரம் இந்த மீன்கள் வந்தால் சாதாரணக் கப்ஸ்யூலுக்கு வேலையே இல்லை. சிகிச்சை அளவு தேவைப்படுகிறவருக்கு மீன் மட்டும் போதாது. அங்கேதான் செறிவுக் கப்ஸ்யூல் வருகிறது.

போத்தலுக்கு முன் தட்டு

மாச்சத்துக் குறைந்த உணவில் ஈரல் சீனியைக் கொழுப்பாக மாற்றும் வேலை குறைகிறது. அதனால் ட்ரைகிளிசரைட் சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கும். இறங்கவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, மாச்சத்து உண்மையிலேயே குறைந்ததா என்பதை. நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே என்பதே பொதுவாகச் சொல்லும் எல்லை. கொழும்பு வீடுகளில் அதை மீறச் செய்வது சோறல்ல. "சலரோகத்துக்கு நல்லது" என்று பெயர் எடுத்த குரக்கன். 100 கிராம் குரக்கன் மாவில் 70 கிராம் அளவு மாச்சத்து இருக்கிறது; ஆட்டா மாவிலும் கிட்டத்தட்ட அதேதான். நார்ச்சத்து கூடியது உண்மை. ஆனால் குரக்கன் பிட்டு ஒரு நீத்துப்பெட்டி நிறைய என்றால் அது குறைந்த மாச்சத்து உணவல்ல. அடுத்தது செவ்விளநீர், இயற்கையானது என்று நாள்தோறும் குடித்தால் ஒரு முழுக் காயில் 20 கிராமை ஒட்டிய சீனி போகும். கித்துள் பாணியும் கருப்பட்டியும் ஈரலுக்குச் சீனிதான். மாலை நேரத்து "டயபெட்டிக்" பிஸ்கட் கோதுமை மாவும் பாம் எண்ணெயும். மரமுந்திரிகையில் 100 கிராமுக்கு 30 கிராம் மாச்சத்து. கச்சானில் அதில் பாதியளவு.

இதிலிருந்து வருவதுதான் மிக மோசமான கலவை: மாச்சத்து அரைகுறையாகவே குறைந்திருக்கிறது, ஆனால் "கொழுப்பு சாப்பிடலாம்" என்ற அனுமதி முழுதாகப் பின்பற்றப்படுகிறது. முதற்பாலில் சொதி, தேங்காய்ச் சம்பல், நெய்யில் முட்டை, மாலையில் ஒரு பிடி முந்திரிகை, இரவில் மட்டும் நான்கு இடியப்பம். துருவிய தேங்காய் 100 கிராமில் 33 கிராம் கொழுப்பு இருக்கிறது. கலோரி கூடி, எடை குறையாமல், சீனியும் சேர்ந்து இருக்கும்போது ட்ரைகிளிசரைட் இறங்காது. நெய்யையும் முதற்பாலையும் பாதியாக்கி, அந்த இடத்துக்கு எண்ணெய் மீன், முட்டை, கீரை, கச்சான் வந்தாலே பலருக்கு வித்தியாசம் தெரியும். உடல் எடையில் 5 முதல் 10 வீதம் குறைந்தால் ட்ரைகிளிசரைட் 20 வீதமளவு இறங்கும் என்பது எந்தச் சாதாரணக் கப்ஸ்யூலும் தராத பலன்.

சாராயத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசவேண்டும். "சாராயத்தில் மாச்சத்து இல்லை, பியர்தான் கூடாது" என்ற வாதம் இந்த உணவுமுறைக்காரரிடையே பரவலாக உண்டு. மாச்சத்து இல்லை என்பது சரி. ஆனால் மதுசாரத்தை எரிக்கும் ஈரல், கொழுப்பை எரிப்பதை நிறுத்தி, ட்ரைகிளிசரைட்டாகக் கட்டி இரத்தத்துக்குள் அனுப்புகிறது. கூட வரும் பொரித்த பைட்ஸ் அதை இன்னும் கூட்டும். ட்ரைகிளிசரைட் 500ஐத் தாண்டியவருக்கு ஒரு துளியும் கூடாது. அதற்குக் கீழே உள்ளவர் ஒரு மாதம் முழுதாக நிறுத்திவிட்டுத் திரும்பப் பரிசோதித்தால் எவ்வளவு அதனால் வந்தது என்பது தெரிந்துவிடும்.

உணவெல்லாம் சரி, மது இல்லை, இருந்தும் கூடியிருக்கிறது என்றால், மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பாருங்கள். அது 9, 10 என்று நின்றால் இன்சுலின் போதாமையால் ட்ரைகிளிசரைட்டை உடைக்கும் நொதியம் சரியாக வேலை செய்யாது. சீனி கட்டுப்பட்டதும் ட்ரைகிளிசரைட் தானாக இறங்கும். ரி.எஸ்.எச். என்ற தைரொயிட் பரிசோதனை, சிறுநீரில் புரதம், ஈரல் பரிசோதனை ஆகியவற்றையும் வைத்தியரிடம் கேளுங்கள். ஸ்டெரொயிட், தயசைட் வகைச் சிறுநீர்ப் பெருக்கி, சில பீட்டா தடுப்பான்கள், வாயால் எடுக்கும் ஈஸ்ட்ரஜன், ஒலன்சபீன் போன்ற மனநல மருந்துகளும் கூட்டலாம். எதையும் தாமாக நிறுத்தவேண்டாம். பட்டியலை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பரிசோதனையே பிழைத்த சந்தர்ப்பங்களும் உண்டு. 10 முதல் 12 மணித்தியாலம் வெறும் தண்ணீரோடு இருந்து இரத்தம் கொடுக்கவேண்டும். தேங்காயெண்ணெயோ வெண்ணெயோ கலந்த கோப்பியைக் குடித்துவிட்டு, சீனி இல்லாததால் வெறும் வயிறு என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். அது கொழுப்பு உணவு, ட்ரைகிளிசரைட் ஏறித்தான் வரும். முந்திய நாள் கல்யாண வீடு, மது என்றால் நாளைத் தள்ளிப்போடுங்கள். 400க்கு மேல் ட்ரைகிளிசரைட் வந்தால், அறிக்கையில் கணக்கிட்டுப் போட்ட எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) எண்ணை நம்பமுடியாது, நேரடி எல்.டி.எல். அல்லது எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரோல்) அல்லாத கொலஸ்ட்ரோல் பார்க்கவேண்டும். பிந்தியது எளிது: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்தால் வரும். சில ஆய்வுகூடங்கள் மில்லிமோல் அலகில் தரும், அதை 88.6ஆல் பெருக்கினால் மில்லிகிராம் அலகு வரும். 1.7 என்பது 150, 5.6 என்பது 500.

இந்த எண்ணில் கடைக்குப் போகாதீர்கள்

500ஐத் தாண்டினால் கப்ஸ்யூல் தெரிவு செய்யும் வேலை உங்களுடையதல்ல. 1000ஐத் தாண்டினால் சதையி அழற்சி என்ற உயிராபத்து இருக்கிறது. மேல் வயிற்றில் முதுகுக்கு ஊடுருவும் கடும் வலி, வாந்தி என்றால் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அந்த அளவில் குறைந்த மாச்சத்து உணவின் வழமையான விதி தலைகீழாகும்: கொழுப்பையும் கடுமையாகக் குறைக்கவேண்டும், மொத்தச் சக்தியில் 10, 15 வீதத்துக்கு. தேங்காய்ப்பால், நெய், பொரியல் எல்லாம் நிற்கவேண்டும். தேங்காயெண்ணெய் "நடுத்தரச் சங்கிலி" என்பதால் பரவாயில்லை என்று நம்புகிறவர்கள் இங்கே ஆபத்தில் சிக்குவார்கள். அதில் பெரும்பங்கான லோரிக் அமிலத்தின் பெரும்பகுதி, நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே இரத்தத்துக்குள் வருகிறது.

200 முதல் 499 வரை உள்ளவருக்கு, நீரிழிவும் இருந்தால், வைத்தியர் முதலில் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாற்றின் மருந்தைக் கொடுப்பார். அதுவே ட்ரைகிளிசரைட்டையும் ஓரளவு இறக்கும். ஃபெனோஃபைப்ரேட் என்ற மருந்து ட்ரைகிளிசரைட்டை 30 முதல் 50 வீதம்வரை குறைக்கும். சிறுநீரகப் பரிசோதனை பார்த்துத்தான் கொடுப்பார்கள். அதே வகையைச் சேர்ந்த ஜெம்ஃபைப்ரோசிலை ஸ்டாற்றினோடு சேர்த்தால் தசை சிதையும் ஆபத்து கூடும் என்பதால், பழைய துண்டை வைத்து மருந்துக்கடையில் தாமாக வாங்கக் கூடாது.

மீன் எண்ணெயைக் கூடிய அளவில் எடுப்பதற்கு முன் வைத்தியரிடம் சொல்லவேண்டியவர்கள்: வோஃபரின், குளோபிடோக்ரெல் போன்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், நாடித்துடிப்பு ஒழுங்கற்றவர்கள், மீன் ஒவ்வாமை உள்ளவர்கள், சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள். 4 கிராம் அளவில் நடந்த பெரிய ஆய்வுகளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டது. டி.எச்.ஏ. உள்ள வகை, ட்ரைகிளிசரைட் மிகக் கூடியவர்களுக்கு எல்.டி.எல்.லைக் கூட்டலாம்.

மாச்சத்தைக் குறைக்கத் தொடங்கும்போதே சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற நீரிழிவுக் குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர் அளவைச் சரிசெய்யாமல் சோற்றை நிறுத்தினால் சீனி தாழ்ந்து மயங்கலாம். எம்பாகிளிஃப்லோசின், டபாகிளிஃப்லோசின் என்ற நீரிழிவுக் குளிசைகளை எடுப்பவர் மாச்சத்தை மிகக் குறைத்தால், சீனி அளவு பெரிதாக ஏறாமலேயே, இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான நிலை வரக்கூடும். குமட்டலும் மூச்சிரைப்பும் வந்தால் குளுக்கோமீற்றர் எண்ணைப் பார்த்து ஆறுதலடைய வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு செறிவுக் கப்ஸ்யூல் தொடங்குவதென்றால், தொடங்கும் முன் ஒரு லிப்பிட் (இரத்தக் கொழுப்பு) பரிசோதனை, பிறகு 8 முதல் 12 வாரத்தில் ஒன்று, இரண்டும் ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே அளவு பட்டினியோடு. இடையில் உணவையும் மற்ற மருந்தையும் மாற்றாதிருந்தால்தான் எது வேலை செய்தது என்பது தெரியும். இறக்கம் 20 வீதத்துக்கும் குறைவாக இருந்தால், ஒரு வாரம் விட்டு இன்னுமொரு பரிசோதனை. அதிலும் அப்படியே என்றால் அடுத்த போத்தல் வாங்காமல், அறிக்கைகளோடு வைத்தியரிடம் போய் வேறு வழி கேளுங்கள்.